விற்ற கைக்குப் பங்கு இல்லையா?



அய்யாவழிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை நெற்றியில் நாமம் இடக் கற்கும் வயதிலேயே இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறது. இந்த வீட்டில் பலி கிடையாது. ஊரில் கொடை நடக்கும்போது மேளச்சத்தம் கேட்கும், கூட்டாளிகள் வந்து கூப்பிடுவார்கள். ஆனாலும் கிடா வெட்டுகிற இடத்துக்கு அந்தப் பிள்ளை போகாது. ஏன் என்று கேட்டால், "அய்யா வேண்டாம்னு சொல்லியாச்சு" என்பாள் பாட்டி. அதோடு கேள்வி முடிந்துவிடும்.

அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிற ஒரு பையனுக்கு அந்தக் கேள்வி முடியவில்லை.

அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு நாள் வேன் பிடித்து, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் உள்ள ஒரு காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி, பனங்காட்டுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்ட இடம். ஆடு, மாடு, எருமை, கோழி என்று, மனிதனுக்கு உழைத்த பிறகோ அல்லது உழைக்க வாய்ப்பே கிடைக்காமலோ கைவிடப்பட்ட உயிர்கள் அங்கே இருக்கின்றன. மிருகக்காட்சி சாலை மாதிரி புலியும் கரடியும் இருக்கும் என்று நினைத்து வந்த பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றம்தான். "மாடு எங்க வீட்லயே இருக்கே டீச்சர்" என்று ஒரு பெண்பிள்ளை சொல்லியும்விட்டாள்.

அங்கே பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டியவர் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. முதல் கொட்டகையில் கண் வெளுத்துப்போன ஒரு பசுவைக் காட்டி, "இதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது மக்களே, சத்தம் போடாம வாங்க" என்றார். லாரியில் நெருக்கி ஏற்றிக்கொண்டு போகும்போது மாடு சோர்ந்து படுத்துவிடும். படுத்த மாட்டை மற்ற மாடுகள் மிதிக்கும். அது எழுந்து நிற்பதற்காகக் கண்ணில் மிளகாய் தேய்ப்பார்கள், வாலை முறுக்கி ஒடிப்பார்கள். அந்தப் பசுவின் வாலிலும் இரண்டு இடத்தில் முடிச்சு மாதிரி இருந்தது. ஒரு சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1978ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. இந்தப் பசு வந்த லாரியில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்ததாம். போலீஸ் பிடித்து வழக்குப் போட்டது. வழக்கு முடியும் வரை மாடுகளைப் பராமரிக்கும் பொறுப்பு காப்பகத்துக்கு வந்தது.

அடுத்த கொட்டகையில் காளைக்கன்றுகள் நின்றன. எல்லாம் ஜெர்சி கலப்பு. பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்றை இரவோடு இரவாக வாசலில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றார் பெரியவர். ஒரு காலத்தில் காளைக்கன்று பிறந்தால் உழவுக்கு ஆகும், வண்டிக்கு ஆகும், கமலை இறைக்க ஆகும். இப்போது உழவுக்கு டிராக்டர், கிணற்றுக்கு மோட்டார். சினைக்கு ஊசி வந்துவிட்டதால் பொலிகாளைக்கும் வேலை இல்லை. கன்று போடாமல் பசு பால் கறக்காது. போடுகிற கன்றில் பாதி காளையாகத்தான் இருக்கும். அந்தப் பாதி எங்கே போகிறது என்று காலையில் காப்பி குடிக்கிற யாரும் கேட்பதில்லை.

கோழிகள் இருந்த இடத்தில் பிள்ளைகள் கொஞ்சம் சிரித்தார்கள். கறிக்கோழி இரண்டு, உடம்பைத் தூக்க முடியாமல் ஆடி ஆடி நடந்தன. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை வரும்படி வளர்க்கப்பட்ட இனம் அது. அதற்கு மேல் அது உயிரோடு இருக்கும் என்று யாரும் எண்ணி வளர்ப்பதில்லை, அதனால் கால் தாங்குவதில்லை. முட்டைக்கோழியின் கதை வேறு. வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். அந்த இனத்தில் சேவல் குஞ்சு பிறந்தால் முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. அதனால் பொரிப்பகத்தில் முதல் நாளே கழித்துவிடுகிறார்கள். 'கழிப்பது' என்றால் கொல்வது. இதைச் சொல்லும்போது பெரியவர் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். சொல்லலாமா என்று அவருக்கே யோசனை.

மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, புளிச்சாதத்தோடு ஆளுக்கு ஓர் அவித்த முட்டை இருந்தது. பொட்டலம் கட்டச் சொன்னவர்கள் இதை யோசித்திருக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை முட்டையை எடுத்துத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தாள். இன்னொரு பையன் அவளிடமே அதைக் கேட்டு வாங்கித் தின்றான். டீச்சர் இருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. அது சரி என்றே படுகிறது. பசித்திருக்கும் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு தர்மம் பேசுவது தர்மம் ஆகாது. அய்யாவழி அன்பர்களிலும் முட்டை, மீன் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மறைத்து, எல்லோரும் சுத்த சைவம் என்று எழுதினால் அது பொய்.

நம் பையன் முட்டையைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. அவன் கொட்டகையின் கடைசியில் நின்ற ஒரு செவலைப் பசுவின் பக்கத்திலேயே இருந்தான். அலைதாடியைத் தடவிக் கொடுத்தால் அது கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அவன் வீட்டிலும் ஒரு செவலை இருந்தது. முந்தின சித்திரையில் விற்றுவிட்டார்கள். திரும்பிப் போகிற வழியில், காற்றாலைப் பக்கம் வரும்போது, அவன் டீச்சரிடம் கேட்டான்: "எங்க செவலையும் இப்படி லாரியிலதான் போயிருக்குமா டீச்சர்?"

டீச்சருக்குப் பதில் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. "வீட்ல அப்பாகிட்ட கேளு மக்களே" என்று சொல்லிவிட்டார்.

அவன் அப்பா தாங்கலுக்கு வருகிற அன்பர். தவறாமல் ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்கு வருவார், ஏடு வாசிப்பு நாளில் பந்தல் கால் நடுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை நிற்பார். பாட்டத்துக்கு எடுத்த வாழைத் தோட்டமும் அந்த ஒரு பசுவும்தான் குடும்பத்தின் வரும்படி. செவலைக்கு இரண்டு தடவை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. மகளுக்கு நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. தரகர் வந்தார், 22,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார், சாயங்காலமே பிடித்துக்கொண்டு போனார்.

மகன் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "நாம வெட்டலையே மக்களே. வித்தோம். வாங்கினவன் என்ன செய்தான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படும் பதில் இது. இதைச் சொன்னவர் பொல்லாதவர் அல்ல. ஆனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். அவருக்கு உண்மையிலேயே தெரியாதா? கறவைக்கு மாடு வாங்க வருகிறவர் மடியைப் பார்ப்பார், காம்பை அமுக்கிப் பார்ப்பார், பல்லைப் பிடித்து வயது பார்ப்பார், எத்தனையாவது ஈற்று என்று கேட்பார். அன்றைக்கு வந்த தரகர் மடிப்பக்கம் குனியவே இல்லை. முதுகையும் தொடையையும் அமுக்கிப் பார்த்தார். அடிமாடு பார்க்கிறவர் பார்க்கிற விதம் அது என்று மாடு வளர்க்கிற எவருக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கயிற்றைக் கொடுத்திருக்கிறார்.

அய்யாவின் வழியில் கலி என்பது கொம்பும் கோரைப்பல்லும் வைத்த உருவம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மாயையாக மனிதன் மனத்துக்குள்ளேயே இருப்பது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மாடு விற்பதில் நன்றாகப் பார்க்கலாம். ஒரே ஆள் காலையில் பால் கறந்து, மத்தியானம் அதே பசுவை வெட்ட வேண்டுமென்றால், இந்த ஊரில் பத்தில் ஒன்பது பேருக்குக் கை வராது. அதனால் அந்தக் காரியம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விற்றவர் "நான் வெட்டவில்லை" என்கிறார். தரகர் "நான் கைமாற்றி விடுகிறவன்தான்" என்கிறார். லாரிக்காரர் "எனக்கு வாடகை" என்கிறார். வெட்டுகிறவர் "யாரோ கேட்டார்கள், வெட்டுகிறேன்" என்கிறார். வாங்கித் தின்கிறவர் "நான் வாங்காவிட்டாலும் மாடு செத்ததுதானே" என்கிறார். எல்லோர் கையும் சுத்தம், மாட்டுக்கு மட்டும் உயிர் இல்லை. இதில் வெட்டுகிறவரை மாத்திரம் பாவி என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் கை கழுவுவது பெரிய சூது. அவர்தான் செய்வதை ஒளிக்காமல் செய்கிறார்.

பலி வேண்டாம் என்று அய்யா சொன்னதை அன்பர்கள் எந்த அளவுக்குக் காப்பாற்றினார்கள் என்பது பெருமைக்குரிய விஷயம். கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசி மாதம் 20ஆம் நாள் அவதாரம். அதற்குப் பிறகு வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் கடலோரம் துவையல் தவசு இருந்த குடும்பங்கள் மாமிசம் தொடவில்லை. பலிக்குத் தடை போட்டு சென்னை மாநிலத்தில் சட்டம் வந்தது 1950இல்தான். அந்தச் சட்டத்தையும் வெகுகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது, 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். சட்டம் வந்தபோதும் போனபோதும் அய்யாவழி வீடுகளில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே கிடா வெட்டுவதை நிறுத்தி நூறு ஆண்டு தாண்டியிருந்தது.

ஆனால் இந்தப் பெருமையே ஒரு திரையாக ஆகிவிடுகிறது. கோயில் முற்றத்தில் ரத்தம் விழவில்லை என்பதோடு மனம் நிறைவாகிவிடுகிறது. தொழுவத்திலிருந்து கயிற்றோடு போன மாட்டின் ரத்தம் எங்கோ தொலைவில் விழுகிறது, அது கணக்கில் வருவதில்லை. பலி கொடுக்கிறவர் ஆட்டைச் சாமி பெயர் சொல்லி, ஊர் பார்க்க வெட்டுகிறார். அது கூடாது என்பதில் அன்பர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அப்படியானால் யாரும் பார்க்காத இடத்துக்கு, யார் பெயரும் சொல்லாமல் அனுப்பி வைப்பது எப்படிக் கூடும்? தாங்கல் வாசலில் கழற்றிவிடும் செருப்பு எந்தத் தோல் என்று கேட்டால், அதற்கும் பலரிடம் பதில் இருக்காது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. மாட்டுக்கு ஆயுசு 20 வருஷம் வரை வரும். பால் கறப்பது அதில் பாதிகூட இருக்காது. மீதி வருஷங்களுக்கு வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் யார் வாங்கிப் போடுவது? வறண்ட மாட்டை வைத்துக் காப்பாற்றினால் மகளின் படிப்பு நின்றுபோகும். அந்தத் தகப்பன் செய்ததைத் தவறு என்று சொல்கிறவர், அவர் இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கிவிடுவதே தர்மம் என்று அய்யா காட்டிய வழியில், இந்த விஷயத்தில் தாழ்ந்து கிடப்பவர்கள் இரண்டு பேர். மாடும் ஒன்று, மாட்டுக்காரரும் ஒன்று. ஒருவரைத் தூக்க மற்றவரை மிதிப்பது வழியாகாது.

அதனால்தான் தனி ஒருவர் தலையில் இதைச் சுமத்தாமல் பலர் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் காப்பகத்தில் பெரியவர் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டின் கதை சொன்னார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரின் மாட்டுச்சந்தை. 1986ஆம் ஆண்டு. அங்கே செத்த விலங்குகளைக் குவித்துப் போடும் இடத்தில் ஒரு செம்மறியாடு உயிரோடு தலையைத் தூக்கியது. அதைப் பார்த்த ஜீன் பார் என்ற இளைஞரும் அவரோடு இருந்தவர்களும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சாகப்போகிறது என்று எறிந்த ஆடு எழுந்து நின்றது. ஹில்டா என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருந்து, வயதாகி 1997இல் இயல்பாகச் செத்தது. நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற இடத்தில் இன்றைக்கு அவர்களுடைய காப்பகம் இருக்கிறது.

பிள்ளைகள் ஆட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். பெரியவர்கள் கேட்க வேண்டியது வேறு: பணம்? தொடக்கத்தில் அவர்களிடம் பணம் இல்லை. பாட்டுக் கச்சேரி நடக்கும் மைதானங்களுக்கு வெளியே ஒரு வேனை நிறுத்தி, மாமிசம் சேர்க்காத பலகாரம் விற்று, அந்தக் காசில் நடத்தியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் இது புதிதல்ல. சென்னை அயனாவரத்தில் வயதான மாடுகளைப் பராமரிக்கிற பிஞ்சராபோல் 1906 முதல் இருக்கிறது. வியாபாரிகள் சேர்ந்து போட்ட பணத்தில் எழுந்த இடம் அது.

அன்னதர்மம் நடத்துகிற தாங்கலுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது. யாராவது ஒருவர் நூறு பேருக்குச் சோறு போடுகிறாரா? ஒருவர் அரிசி, ஒருவர் தேங்காய், ஒருவர் விறகு, இன்னொருவர் வெறும் கையோடு வந்து காய் நறுக்குகிறார். காய் நறுக்கிய தோலும் தண்டும், அரிசி களைந்த கழுநீரும் ஓடையில்தான் போகின்றன. வாழை வெட்டிய தோட்டத்தில் தண்டு அழுகிக் கிடக்கிறது. அறுவடை முடிந்து வைக்கோலை விற்றதுபோக மிச்சம் படப்பில் மக்குகிறது. ஐந்தாறு கிழ மாட்டுக்கு இதில் பாதித் தீனி வந்துவிடும். மீதிக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

அந்தப் பையனின் ஊர்த் தாங்கலில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, பையனின் அப்பாவே எழுந்து பேசினார். தாங்கலுக்கு வடக்கே கிடக்கிற இடத்தில் ஒரு கொட்டகை போட்டு, அன்பர்கள் வீட்டில் கறவை நின்ற மாடுகளை நிறுத்தினால் என்ன என்றார். கேட்டதும் சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குச் சிரிப்பு. பொருளாளர் கேட்ட கேள்விகளில் நியாயம் இருந்தது. மழைக்காலத்தில் சாணி அள்ளுவது யார்? மாட்டுக்குச் சுகமில்லை என்றால் டாக்டருக்கு யார் கொடுப்பது? ஊர் முழுக்கத் தெரிந்தால் கண்டவனும் கன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போக மாட்டானா? அந்தக் கடைசிக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. காப்பகத்துக்காரர்களே தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். வயதான பாட்டி ஒருத்தி மட்டும், "தட்டழிஞ்சு வாற மனுசனுக்குச் சோறு போடுததுக்கு முந்தி, நீ எங்கிருந்து வாறன்னு இந்தத் தாங்கல்ல கேட்டிருக்கா?" என்றாள். பொருளாளர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

முடிவு எதுவும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு மறுபடியும் பேசலாம் என்று கலைந்தார்கள்.

அன்று இரவு பையனின் அப்பா தரகருக்குப் போன் போட்டார். சித்திரையில் வாங்கிக்கொண்டு போன செவலை எங்கே என்று கேட்டார். கிடைத்தால் அதே விலைக்கு, வேண்டுமானால் ஆயிரம் கூடவே கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். பணத்துக்கு என்ன வழி என்று அவருக்கே தெரியாது.

"எந்தச் செவலை அண்ணாச்சி?" என்றார் தரகர். "மாசத்துக்கு எத்தனை செவலை போவுது."

இடது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும் என்று இவர் அடையாளம் சொன்னார். மகன் பக்கத்தில் நின்று, நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி இருக்கும் என்பதையும் சொல்லச் சொன்னான். அதையும் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அது மூணு கை மாறிப் போச்சு அண்ணாச்சி" என்றார் தரகர்.